எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது தரவுத்தள நிர்வாகி எதற்கு?

உங்கள் கேள்வியின் சாரம் இது: தரவுத்தளம் 8 டெராபைட்டைத் தாண்டிவிட்டது, ஒரே ஆண்டில் சர்வரை இரண்டு முறை பெரிதாக்கியாயிற்று, கிளவுடுக்கும் மாறியாயிற்று, ஆறு டெவலப்பர்களுக்கும் எஸ்க்யூஎல் (தரவுத்தளத்திடம் கேட்டுப் பெறும் மொழி) நன்றாகத் தெரியும். இதற்கு மேலும் அனுபவமுள்ள தரவுத்தள நிர்வாகி ஒருவரைப் பெரிய சம்பளத்தில் அமர்த்த வேண்டுமா, அந்தப் பணத்துக்கு இன்னும் பெரிய சர்வரை எடுத்தால் ஆகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். சம்பளத்தையும் சர்வர் வாடகையையும் தராசில் வைத்துப் பார்க்கும் கேள்வி போலத்தான் இருக்கிறது. ஆனால் கடைசி வரியில், 'இப்போது எல்லாம் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது' என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிதான் என்னை இவ்வளவு நீளமாக எழுத வைக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தில் இந்த மனிதருக்கு என்ன வேலை என்பதையே நீங்கள் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

பதினெட்டு ஆண்டுகளாக இதுதான் என் தொழில். ஆரக்கிளில் தொடங்கினேன், கடந்த பத்து ஆண்டுகள் பெரும்பாலும் போஸ்ட்கிரெஸ், அவ்வப்போது மைஎஸ்க்யூஎல்; மூன்றும் தரவுத்தள மென்பொருள்கள். நான் பார்த்தவையெல்லாம் இரவு பகலாகப் பரிவர்த்தனை நடக்கும் தரவுத்தளங்கள். தரவைச் சேர்த்துவைத்து ஆய்வு மட்டும் செய்யும் கிடங்கு வகைகளில் எனக்குக் கைப்பழக்கம் குறைவு. அந்த எல்லைக்குள் வைத்து இதைப் படியுங்கள்.

முதலில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது. தரவுத்தளம் வளர்ந்தால் வேகம் குறையும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று சத்தமில்லாமல் நடக்கிறது: ஒரு தவறைத் திருத்த ஆகும் நேரம் நீண்டுகொண்டே போகிறது. 5 ஜிகாபைட் தரவுத்தளத்தில் யாரோ ஒருவர் தவறான அட்டவணையை அழித்துவிட்டால் சில நிமிடங்களில் மீட்டுவிடலாம். அதையே 8 டெராபைட்டில் கணக்குப் போட்டுப் பாருங்கள். பேக்கப் இருக்கும் இடத்திலிருந்து நொடிக்கு 200 மெகாபைட் வீதம் தரவு வந்தால் 40,000 நொடி ஆகும். அதாவது 11 மணி நேரம். இது நகலெடுக்கும் நேரம் மட்டும். பேக்கப் எடுத்த கணத்திலிருந்து விபத்து நடந்த கணம் வரை சேர்ந்த மாற்றப் பதிவேடுகளை அதன்பிறகு வரிசையாக ஓட்டி முடிக்க வேண்டும். உங்கள் பேக்கப் எஸ்க்யூஎல் கட்டளைகளாகக் கொட்டிவைத்த வகை என்றால் ஒவ்வொரு இண்டெக்ஸையும் (பதிவுகளைச் சீக்கிரம் தேட உதவும் பட்டியலையும்) முதலிலிருந்து கட்ட வேண்டும். அது நாள்கணக்கில் இழுக்கும். சிறிய தரவுத்தளத்தில் ஒன்றைச் செய்து பார்த்துவிட்டுத் திருத்திக்கொள்ளலாம். பெரியதில், கை வைப்பதற்கு முன்பே விளைவு தெரிந்திருக்க வேண்டும். தேர்ந்த நிர்வாகிக்குத் தரும் சம்பளத்தில் பெரும்பகுதி அந்த முன்னறிவுக்குத்தான்.

பேக்கப் தினமும் தானாக எடுக்கப்படுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மென்பொருள் நிரல்களைச் சேமித்துவைக்கும் சேவை தரும் கிட்லேப் நிறுவனமும் 2017 ஜனவரி 31 வரை அப்படித்தான் நம்பியிருந்தது. அன்று இரவு நடந்ததை அவர்களே ஒளிவுமறைவில்லாமல் எழுதி வெளியிட்டார்கள். அதற்காக அவர்கள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. முதன்மைச் சர்வரின் நகலாக இருந்த இரண்டாம் சர்வர் பின்தங்கிவிட்டது. அதைப் புதிதாக நிரப்புவதற்காக அதன் தரவுக் கோப்புறையை அழிக்கப் போன பொறியாளர், கட்டளையை முதன்மைச் சர்வரில் கொடுத்துவிட்டார். ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தினார். 300 ஜிகாபைட்டில் அப்போது எஞ்சியிருந்தது ஏறக்குறைய 4.5 ஜிகாபைட். சரி, பேக்கப்பை எடுக்கலாம் என்று போனால், பேக்கப் இருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 9.6, பேக்கப் எடுக்கும் கருவியோ 9.2-ஐச் சேர்ந்தது. பதிப்புப் பொருந்தாததால் அது ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதும் மின்னஞ்சல் அனுப்பத்தான் செய்தது. அந்த மின்னஞ்சல்களை அஞ்சல் சர்வர் நிராகரித்துக்கொண்டிருந்தது. கடைசியில் அவர்களைக் காப்பாற்றியது, வேறொரு சோதனைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன்பு ஒருவர் கையால் எடுத்துவைத்த ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது அந்தக் கணத்தின் முழு நகல். அந்த ஆறு மணி நேரத்தில் சேர்ந்த தரவு போனது போனதுதான்.

இந்தக் கதையைத் தவறான கட்டளை அடித்தவரின் கதையாகத்தான் பலரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது அறிக்கையின் வேறொரு இடம். பேக்கப்பை மீட்டுப் பார்க்கும் சோதனை ஏன் முறையாக நடக்கவில்லை என்று அவர்களே கேட்டு, அது இன்னாருடைய பொறுப்பு என்று வரையறுக்கப்படவில்லை என்று அவர்களே பதில் எழுதியிருக்கிறார்கள். அங்கே திறமையான பொறியாளர்களுக்குப் பஞ்சமில்லை. உங்கள் ஆறு டெவலப்பர்களும் திறமையானவர்கள்தான். ஆனால் அவர்களில் ஒருவருக்கும், பேக்கப்பை மாதம் ஒருமுறை தனியாக ஓர் இயந்திரத்தில் மீட்டு, எத்தனை மணி நேரம் ஆனது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துவைப்பது வேலையாகத் தரப்படவில்லை. அவர்களை மதிப்பிடுவது புதிய வசதிகள் எத்தனை முடித்தார்கள் என்பதை வைத்து. அவர்களைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை.

அடுத்தது, சர்வரைப் பெரிதாக்குவது. நான் இளையவனாக இருந்தபோது நடந்த ஒன்றைச் சொல்கிறேன்; நிறுவனத்தின் பெயர் வேண்டாம். இரவுக் கணக்கு முடிக்கும் வேலை ஒன்று வழக்கமாக 12 நிமிடத்தில் முடியும். ஒரு மாதத்தின் முதல் நாள் இரவு அது ஐந்து மணி நேரம் தாண்டியும் ஓடிக்கொண்டிருந்தது. நிரலில் ஒரு வரிகூட மாறவில்லை என்றார்கள் டெவலப்பர்கள், அது உண்மை. சர்வர் குழுவினர் நினைவகத்தைக் கூட்டினார்கள், துளியும் பலனில்லை. இரண்டு மணிக்கு என் மூத்த நிர்வாகியை எழுப்பினோம். அவர் வந்து எந்த அமைப்பையும் தொடவில்லை. ஓடிக்கொண்டிருந்த குவெரியின் (தரவுத்தளத்திடம் கேட்ட கேள்வியின்) செயல்திட்டத்தைத் திரையில் எடுத்து, மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டே வந்தார். ஒரு வரியில் விரலை வைத்தார். அங்கே, வரும் என்று கணித்திருந்த பதிவுகள் 1. உண்மையில் வந்தவை 41 லட்சம்.

அந்த ஒரு வரியை விளக்கினால்தான் இந்தத் தொழில் என்னவென்று புரியும். நீங்கள் எழுதும் எஸ்க்யூஎல் 'எது வேண்டும்' என்று மட்டும் சொல்கிறது. எந்த வழியில் போய் எடுப்பது என்பதைத் தரவுத்தளத்துக்குள் இருக்கும் ஆப்டிமைசர் முடிவு செய்கிறது. 1970களின் இறுதியில் ஐபிஎம்மின் சிஸ்டம் ஆர் ஆய்வில் உருவான முறைதான் இன்றும் அடிப்படை: தரவைப் பற்றிய புள்ளிவிவரங்களை வைத்து ஒவ்வொரு வழிக்கும் எவ்வளவு செலவாகும் என்று மதிப்பிட்டு, மலிவான வழியைத் தேர்ந்தெடுப்பது. அன்றைக்குப் புள்ளிவிவரம் எடுத்திருந்தது முந்தைய நாள். புதிய மாதத்தின் தேதி அந்தப் புள்ளிவிவரத்துக்குத் தெரியவே தெரியாது. தெரியாத தேதிக்கு ஒரு பதிவுதான் இருக்கும் என்று ஆப்டிமைசர் எண்ணிக்கொண்டது. ஒரே ஒரு பதிவு என்றால், அதை எடுத்து அடுத்த அட்டவணையில் தேடிப் பொருத்துவது மிக மலிவான வழிதான். அந்தத் தேடலை 41 லட்சம் முறை திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தது அந்தக் குவெரி. அவர் வேலையை நிறுத்தச் சொன்னார். அந்த ஓர் அட்டவணைக்கு மட்டும் புள்ளிவிவரத்தைப் புதிதாக எடுத்தார், நான்கு நிமிடம். மறுபடி ஓட்டினோம், 11 நிமிடத்தில் முடிந்தது. மறுநாளே, தரவு ஏற்றி முடிந்ததும் புள்ளிவிவரம் எடுத்துவிட்டுத்தான் கணக்கு வேலை தொடங்க வேண்டும் என்று வரிசையை மாற்றி எழுதினார். அந்தச் சிக்கல் திரும்ப வரவில்லை.

சிறிய தரவுத்தளத்திலும் இதே தவறான கணிப்பு தினமும் நடக்கும். அங்கே தவறான வழியில் போனாலும் அரை நொடி கூடுதலாகும், யாரும் கவனிக்க மாட்டார்கள். அளவு பெரிதாக ஆக, கணிப்பே கடினமாகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போஸ்ட்கிரெஸ் இயல்பு அமைப்பில் ஓர் அட்டவணையிலிருந்து 30,000 பதிவுகளை மாதிரியாக எடுத்துத்தான் புள்ளிவிவரம் கணக்கிடுகிறது. அட்டவணையில் 10 லட்சம் பதிவுகள் இருந்தாலும் அதே 30,000. 100 கோடி இருந்தாலும் அதே 30,000. 100 கோடியில் எத்தனை வெவ்வேறு வாடிக்கையாளர் எண்கள் இருக்கின்றன என்பதை அந்த மாதிரியிலிருந்து அது மிகக் குறைவாக மதிப்பிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். எந்தப் புலத்துக்கு (அட்டவணையின் நெடுவரிசைக்கு) மாதிரியைக் கூட்ட வேண்டும், எங்கே எண்ணிக்கையைக் கையால் எழுதிவைக்க வேண்டும், எந்த இரண்டு புலங்கள் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்று அதற்குச் சொல்லித்தர வேண்டும் என்பதெல்லாம் தரவோடு பழகியவருக்குத்தான் தெரியும்.

பெரிய சர்வர் எங்கே உதவும், எங்கே உதவாது என்பதையும் எண்ணிலேயே பார்த்துவிடலாம். 1 டெராபைட் அட்டவணை ஒன்றை முழுவதும் படிக்க வேண்டியிருக்கிறது, சேமிப்பகத்தின் வேகம் நொடிக்கு 500 மெகாபைட் என்று வைத்துக்கொள்வோம். 33 நிமிடம் ஆகும். இரண்டு மடங்கு பணம் கொடுத்து இரண்டு மடங்கு வேகம் வாங்கினால் ஏறக்குறைய 17 நிமிடம். அதே குவெரிக்குப் பொருத்தமான, பி-ட்ரீ என்ற மரவடிவ இண்டெக்ஸ் ஒன்று இருந்தால், ஒரு பக்கத்தில் 300 குறிப்புகள் என்று கொண்டாலும், 100 கோடி பதிவுகளில் ஒன்றைக் கண்டுபிடிக்க நான்கு பக்கங்கள் படித்தால் போதும். இந்த வித்தியாசத்தை எந்த இயந்திரமும் விலைக்குத் தராது. அதற்காக எல்லாப் புலத்துக்கும் இண்டெக்ஸ் போட்டுவிடலாம் என்றால், ஒவ்வொரு பதிவு எழுதும்போதும் அத்தனை இண்டெக்ஸிலும் எழுத வேண்டும். ஓரிடத்தில் நான் பார்த்த ஓர் அட்டவணையில் 23 இண்டெக்ஸ்கள் இருந்தன. அவற்றில் ஒன்பதை எந்தக் குவெரியும் ஒருமுறைகூடத் தொட்டதில்லை. மாதக் கடைசி, காலாண்டுக் கடைசி எல்லாம் கடக்கும்வரை காத்திருந்து உறுதிசெய்துகொண்டு அவற்றை நீக்கினோம். எழுதும் வேகம் கண்கூடாகக் கூடியது. அதேசமயம், அடிக்கடி தொடப்படும் தரவு நினைவகத்தில் அடங்காமல் தவிக்கும் சர்வருக்கு நினைவகம் கூட்டுவதே சரியான மருந்து; எத்தனையோ முறை நானே அதைத்தான் பரிந்துரைத்திருக்கிறேன். எந்த நோய்க்கு எந்த மருந்து என்று சொல்பவர் வேண்டும் என்பதே என் வாதம். ஒரே ஆண்டில் இரண்டு முறை பெரிதாக்கினீர்கள் என்று படித்தபோது, இரண்டு முறையும் நோய் என்னவென்று யாராவது எழுதிவைத்தார்களா என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது.

டெவலப்பர்களே பார்த்துக்கொள்ள முடியாதா என்ற பகுதிக்கு வருகிறேன். ஓர் அட்டவணையில் ஒரு புலம் சேர்க்க வேண்டும். கட்டளை ஒரே வரி. போஸ்ட்கிரெஸ் 11-க்குப் பிறகு இயல்பு மதிப்போடு புலம் சேர்ப்பதுகூட, வழக்கமான மதிப்புகளுக்கு, அட்டவணையைத் திருப்பி எழுதாமல் கணத்தில் முடிந்துவிடும். சோதனைச் சர்வரில் கணத்தில் முடிந்தது என்று டெவலப்பர் சொல்வதும் உண்மை. ஆனால் நேரடிச் சர்வரில் அந்த நேரம் யாரோ ஓர் அறிக்கைக்காக 40 நிமிடக் குவெரி ஒன்றை அதே அட்டவணையில் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். புலம் சேர்க்கும் கட்டளைக்கு அட்டவணையின்மேல் முழுப் பூட்டு வேண்டும், அதாவது அது முடியும்வரை வேறு யாரும் அட்டவணையைத் தொடக் கூடாது. ஆகவே அறிக்கை முடியட்டும் என்று அது வரிசையில் நிற்கும். அதற்குப் பின்னால் வரும் சாதாரணக் குவெரிகள் எல்லாம், அறிக்கையோடு அவற்றுக்கு எந்த மோதலும் இல்லாவிட்டாலும், காத்திருக்கும் கட்டளைக்குப் பின்னால் போய் நிற்கும். ஒரு நிமிடத்துக்குள் இணைப்புகள் தீர்ந்துபோய்ச் செயலி முழுவதும் உறைந்துவிடும். நான் பார்த்த ஓர் இடத்தில் ஒரு மதிய வேளை முழுவதும் இப்படித்தான் போனது. தரவுத்தளம் பழுதாகிவிட்டது என்று நினைத்துச் சர்வரையே அணைக்கப் போனார்கள். பூட்டுக்கு இரண்டு நொடிக்கு மேல் காத்திருக்காதே, கிடைக்காவிட்டால் விலகிக்கொள், பிறகு மறுபடி முயற்சி செய் என்று கட்டளைக்கு முன்னால் ஒரு வரி சேர்த்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. அந்த ஒரு வரியை யாராவது ஒருமுறை சொல்லிக்கொடுத்துவிட்டால் டெவலப்பர்களே போடுவார்கள். சொல்லிக்கொடுக்க ஒருவர் அங்கே இல்லை.

இன்னொரு வகை ஆபத்து ஆண்டுக்கணக்கில் மெல்ல நெருங்கி வந்து ஒரே நொடியில் தாக்கும். ஒவ்வொரு பதிவுக்கும் வரிசையாகத் தரும் அடையாள எண்ணை 32 பிட் முழு எண்ணாக வைத்திருந்தால், அது 2,147,483,647-ஐத் தொட்டதும் அடுத்த பதிவு ஏறாது. 2018 நவம்பரில் பேஸ்கேம்ப் 3 என்ற திட்ட மேலாண்மைச் சேவை இப்படித்தான் நின்றது. ஏறக்குறைய ஐந்து மணி நேரம் பயனர்கள் தங்கள் தரவைப் படிக்க முடிந்தது, எழுத முடியவில்லை. போஸ்ட்கிரெஸில் இதற்கு ஓர் உறவுக்கார ஆபத்து உண்டு. மாற்றம் செய்யும் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் அது தரும் எண்களும் 32 பிட்தான். பழைய எண்களை வேக்யூம் என்ற பின்னணித் துப்புரவு வேலை முறையாக உறையவைத்துக்கொண்டு வராவிட்டால், 200 கோடியை நெருங்கும்போது தரவுத்தளம் தன்னைக் காத்துக்கொள்ள எழுதுவதை நிறுத்திவிடும். 2015-இல் மென்பொருள் பிழைகளைக் கண்காணிக்கும் சென்ட்ரி சேவை இதே காரணத்தால் முடங்கியது. இரண்டும் எளிய கூட்டல் கணக்குகள். எந்த நாளில் முட்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஆனால் 200 கோடி பதிவுகள் உள்ள அட்டவணையில் அடையாள எண்ணை 64 பிட்டுக்கு மாற்றுவது, புதிய புலம் சேர்த்து, பழைய பதிவுகளைச் சிறு சிறு தொகுதியாக நிரப்பி, கடைசியில் பெயரை மாற்றுகிற பல வார வேலை. பாதி தூரம் கடக்கும்போதே தொடங்கிவிட வேண்டும். நல்ல நிர்வாகியின் நாட்காட்டியில் இப்படி ஓராண்டு தள்ளி வரப்போகும் நாட்கள் குறிக்கப்பட்டிருக்கும்.

கிளவுடுக்குப் போனபின் இதெல்லாம் கிளவுட் நிறுவனத்தின் பொறுப்பில்லையா என்று கேட்டிருந்தீர்கள். ஒரு பகுதி அவர்கள் பொறுப்புதான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அமேசானின் ஆர்டிஎஸ் என்ற கிளவுட் தரவுத்தளச் சேவை 2009-இல் வந்தபோது, வட்டு மாற்றுவது, பேட்ச் போடுவது, இரவில் பேக்கப் எடுப்பது என்று எங்கள் வாரத்தில் பாதியைத் தின்றுகொண்டிருந்த வேலைகள் கையைவிட்டுப் போயின. நல்லதாகப் போயிற்று. ஆனால் உங்கள் அட்டவணை வடிவம், இண்டெக்ஸ்கள், குவெரிகள், பூட்டுகள், மேலே சொன்ன எண் வரம்புகள் ஆகிய எதையும் அவர்கள் தொடுவதில்லை. தருகிற வசதிகளிலும் நுணுக்கங்கள் இருக்கின்றன. ஆர்டிஎஸ் தானாக எடுக்கும் பேக்கப்பை அதிகபட்சம் 35 நாட்கள்தான் வைத்திருக்கும். இரண்டு மாதத்துக்கு முன்பு சத்தமில்லாமல் அழிந்த பதிவுகளை அதிலிருந்து எடுக்க முடியாது. ஸ்னாப்ஷாட்டிலிருந்து எழுப்பிய சர்வர் சீக்கிரமே 'தயார்' என்று காட்டும். ஆனால் தரவு பின்னணியில்தான் வந்துகொண்டிருக்கும். இன்னும் வராத பக்கத்தைத் தொட்டால் அது வரும்வரை குவெரி காத்திருக்கும். 8 டெராபைட்டில் முதல் சில மணி நேரம் சர்வர் இருந்தும் இல்லாதது போலத்தான் இருக்கும். விபத்து நடந்த இரவில் இதை முதன்முறையாகத் தெரிந்துகொள்வது கொடுமை. ரெப்ளிகா (மாற்றங்களை உடனுக்குடன் நகலெடுக்கும் இன்னொரு சர்வர்) இருக்கிறதே என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: தவறான அழிப்புக் கட்டளையை ரெப்ளிகா மிக விசுவாசமாக ஒரு நொடிக்குள் நகலெடுத்துக்கொள்ளும்.

இனி, நான் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாதவை. தேர்ந்த நிர்வாகி இருந்தால் தரவுத்தளம் முடங்கவே முடங்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கிட்லேப்பைப் போன்ற சேவை தரும் கிட்ஹப்பில் மைஎஸ்க்யூஎல்லை ஆழமாக அறிந்தவர்கள் இருந்தார்கள். 2018 அக்டோபர் 21 அன்று அங்கே 43 நொடி நெட்வொர்க் துண்டிப்பு ஏற்பட்டது. அதன் விளைவைச் சரிசெய்ய 24 மணி நேரம் 11 நிமிடம் ஆனது. அந்த 43 நொடியில் தானியங்கி அமைப்பு முதன்மைப் பொறுப்பை அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருந்த தரவு மையத்துக்கு மாற்றிவிட்டது. கிழக்கு, மேற்கு இரண்டு பக்கமும் மற்றதில் இல்லாத புதிய பதிவுகளோடு நின்றன. சேவையைச் சீக்கிரம் திறப்பதா, தரவை ஒரு பதிவும் குழம்பாமல் காப்பதா என்ற கேள்வியில் அவர்கள் தரவைத் தேர்ந்தெடுத்தார்கள். பல டெராபைட் பேக்கப்பைத் தொலைவிலிருந்து கொண்டுவரவே பல மணி நேரம் போனது. அந்த முடிவை நான் மதிக்கிறேன். திறமை அங்கே முடக்கத்தைத் தடுக்கவில்லை. தரவு கெட்டுப்போகாமல் தடுத்தது.

முழுநேர ஆள் வேண்டுமா என்பதும் உங்கள் தரவுத்தளத்தைப் பார்க்காமல் ஒருவர் சொல்லக்கூடியதல்ல. டெராபைட் எண்ணிக்கையை வைத்து முடிவெடுப்பதை நான் ஏற்பதில்லை. எழுதப்பட்டபின் மாறாத பழைய ஆவணங்களே 8-இல் 7 டெராபைட் என்றால், அவற்றைப் பிரித்து வேறிடத்தில் வைத்துவிட்டு, மாதத்தில் சில நாட்கள் வந்து பார்க்கும் ஆலோசகர் ஒருவரோடு நிம்மதியாக இருக்கலாம். 8 டெராபைட்டும் தினமும் அடிபடும் தரவு, வாரம் இரண்டு முறை அட்டவணை வடிவம் மாறுகிறது என்றால் முழுநேர ஆள் வேண்டும். தனக்குத் தரும் சம்பளத்தை அவர் சர்வர் செலவில் மிச்சப்படுத்திவிடுவாரா? பல இடங்களில் முதல் ஆண்டிலேயே அப்படி நடந்ததைப் பார்த்திருக்கிறேன். அதற்கு உத்தரவாதம் தர மாட்டேன்.

தானாகவே தன்னைச் சீராக்கிக்கொள்ளும் தரவுத்தளங்களைப் பற்றியும் கேட்கிறார்கள். ஆரக்கிள் 2017-இல் தன்னாட்சித் தரவுத்தளத்தை அறிவித்தது. அதே ஆண்டு மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வர், மோசமாகிப்போன செயல்திட்டத்தைத் தானே பழைய நல்ல திட்டத்துக்குத் திருப்பும் வசதியைக் கொண்டுவந்தது. இவை பயனுள்ளவை, நான் சொன்ன அந்த இரவுச் சிக்கலை அப்படியொரு கருவி பிடித்திருக்கக்கூடும். ஆனால் எந்தத் தரவை எத்தனை ஆண்டு வைத்திருப்பது, எவ்வளவு நேர இழப்பை நிறுவனம் தாங்கும், இந்த அட்டவணையை இந்த மாதம் பிரிக்கலாமா என்பதெல்லாம் பல துறையினரோடு உட்கார்ந்து பேசி எடுக்கும் முடிவுகள். இன்னும் பத்து ஆண்டில் இந்தத் தொழில் எந்த வடிவில் இருக்கும் என்று என்னைக் கேட்டால், கைவேலை குறையும், இந்த உட்கார்ந்து பேசும் பகுதி கூடும் என்பது என் ஊகம், ஊகம் மட்டுமே.

ஆள் எடுப்பதாக இருந்தால் ஓர் எச்சரிக்கை. தவறான நிர்வாகி, நிர்வாகி இல்லாததைவிட மோசம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் படிவம் கேட்டு இரண்டு வாரம் இழுத்தடிப்பவர் வந்தால், டெவலப்பர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போக வழி தேடுவார்கள். அட்டவணைகளுக்குப் பதில் ஒரே புலத்தில் எல்லாவற்றையும் ஜேசன் என்ற உரை வடிவில் கொட்டிவைப்பார்கள். ஓராண்டில் நிலைமை முன்பைவிடச் சிக்கலாகிவிடும். சான்றிதழ்களையும் நான் பெரிதாகப் பார்ப்பதில்லை. நேர்காணலில் நான் கேட்பது இரண்டே கேள்விகள். கடைசியாகப் பேக்கப்பிலிருந்து முழுதாக மீட்டது எப்போது, எவ்வளவு நேரம் ஆனது? இதற்கு மணிக்கணக்கோடு பதில் வர வேண்டும். பிறகு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த குவெரி நேற்றிலிருந்து மெதுவாகிவிட்டது என்றால் முதலில் என்ன செய்வீர்கள்? நினைவக அளவையும் அமைப்பு எண்களையும் மாற்றத் தொடங்குபவரை அனுப்பிவிடுவேன். நேற்று என்ன மாறியது, செயல்திட்டம் இருக்கிறதா, எத்தனை பதிவுகள் வரும் என்று கணித்திருக்கிறது என்று திருப்பிக் கேட்பவரை உட்காரவைத்துப் பேசுவேன்.

அதுவரை, யாரையும் எடுப்பதற்கு முன்பே, இந்த வாரம் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. தனியாக ஒரு சர்வரை எடுத்து, நேற்றைய பேக்கப்பை அதில் மீட்கச் சொல்லுங்கள். யாருடைய உதவியும் கேட்காமல் உங்கள் ஆறு பேரே செய்யட்டும். தொடங்கிய நேரத்தையும், உங்கள் செயலி அந்தச் சர்வரோடு இணைந்து முதல் சரியான பதில் வந்த நேரத்தையும் குறியுங்கள். பெரிய அட்டவணைகளில் 32 பிட் அடையாள எண்கள் எங்கே வரை வந்திருக்கின்றன என்றும் அன்றே பார்த்துவிடச் சொல்லுங்கள். அந்த இரண்டு நேரத்துக்கும் இடையில் இருப்பது உங்கள் நிறுவனம் தாங்கக்கூடிய இடைவெளியா என்று நிர்வாகத்திடம் காட்டிக் கேளுங்கள். எண்கள் கைக்கு வந்ததும் இங்கே எழுதினால், முழுநேர ஆளா, மாதத்துக்குச் சில நாள் ஆலோசகரா என்பதைப் பற்றி இன்னும் துல்லியமாகச் சொல்கிறேன்.